செங்கல் சட்டைக்காரரும் ஒரு சாக்குத் தேங்காயும்

அப்பன்,

இதை ரயிலுக்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றநிலையில் வாசிக்காதே. வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்றி வைத்து, ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு இருந்து வாசி. போனில் சொல்லியிருக்கலாமே, ஏன் இத்தனை பக்கம் என்று கேட்பாய். போனில் நீ "ஓம் அம்மா, சரி அம்மா, வைக்கிறன் அம்மா" என்று என்னை முடித்துவிடுவாய். கடிதத்தை அப்படி இடையில் வெட்ட உன்னால் முடியாது. தமிழ் கஷ்டமாக இருந்தால் எழுத்துக்கூட்டி மெதுவாக வாசி. சனிக்கிழமை தோறும் உன்னைப் படுக்கையிலிருந்து இழுத்தெடுத்துத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோனதற்கு இந்த ஒரு கடிதமாவது பலன் தரட்டும்.

சித்திரைக்குப் பிறகு உனக்கும் கிளேருக்கும் கலியாணம். முதல் நாள் மாதா கோயிலில் மோதிரம், அடுத்த நாள் மண்டபத்தில் தாலி என்று இரண்டு பக்கமும் பேசி முடித்தாயிற்று. இந்த நேரத்தில் தாய் மகனுக்குப் புத்தி சொல்லவேண்டும். சொல்ல வாயெடுத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் உனக்கு நான் செய்த அநியாயம் ஒன்று நடுவில் நிற்கிறது. நீ இப்போது ஆறேழு வருடமாக அந்த அமெரிக்கப் பந்தைப் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் நான். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ மாதத்தில் ஒருமுறை உன் ஆர்ஜொந்தெ அறையிலிருந்து கேக் பெட்டியோடு வருகிறாய், சாப்பிடுகிறாய், என் மருந்துகளைப் பார்க்கிறாய், போய்விடுகிறாய். ஒரு குறையும் சொல்ல முடியாத பிள்ளை. அந்த நல்ல பிள்ளைத்தனம்தான் என்னைக் கொல்லுகிறது. முந்தி நீ கத்துவாய், கதவை அடிப்பாய், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பைத்தியம் பிடித்தவன் மாதிரிக் குதிப்பாய். அந்தப் பிள்ளையை எனக்குத் திரும்ப வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உன்னை அந்தப் பந்தில் கொண்டுபோய் விட்டதே நான்தான். 2009 ஆவணியில் சார்செல் சந்தையில் ஒரு குவியலுக்குள் கையை விட்டு அந்தச் சட்டையை இழுத்தெடுத்தேன். செங்கல் நிறம், முன்னும் பின்னும் பெரிய இலக்கம். வளருகிற பிள்ளை, இரண்டு வருடம் போடட்டும் என்று இரண்டு அளவு பெரிதாகப் பார்த்து வாங்கினேன். அது ஏன் அவ்வளவு மலிவு என்று பிறகுதான் விளங்கியது. தோற்கிற கூட்டத்தின் சட்டையை வாங்க என்னைப் போல ஒரு விசரி வேண்டுமே! நீ அதைப் போட்டுப் பார்த்து, இது யாருடைய சட்டை என்று தேடிப் போனாய். கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற பந்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிற ஒரு நாட்டில், ஏரிக்கரையில் ஏதோ ஒரு குளிர்ப்பட்டினத்துக் கூட்டம். அதன் பெயர் இன்றைக்கும் என் வாயில் சரியாக வராது. எனக்கு அவர்கள் அன்றிலிருந்து செங்கல் சட்டைக்காரர்தான்.

அந்த வருடத்து வைகாசி எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. விடியத் துவங்கினால் தமிழ்ச் செய்திதான், தொலைக்காட்சியை ஒருவரும் நிறுத்துவதில்லை. அத்தையும் பிள்ளைகளும் வன்னிக்குள் மாட்டுப்பட்டிருந்தார்கள். மாசிக்குப் பிறகு அவளுடைய குரல் வரவில்லை. அப்பா வேலை முடிந்ததும் நேரே போரை நிறுத்தச் சொல்லுகிற ஊர்வலத்துக்குப் போய், தொண்டை அடைத்து வீட்டுக்கு வருவார். நான் போனைக் காதில் வைத்தபடியே சமைப்பேன். உனக்குப் பதினாலு வயது. அந்தப் படங்களுக்கு முன்னால் இருந்துதான் நீ வீட்டுப்பாடம் செய்தாய். நீ சாப்பிட்டாயா என்று கேட்டோம், உனக்குப் பயமாக இருக்கிறதா என்று அப்பாவோ நானோ ஒரு நாள் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து சுவரைப் பார்த்தபடி இருப்பார். அத்தை என்னவானாள் என்று இன்றுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அந்தச் செப்டம்பரில் நீ பந்து பார்க்கத் துவங்கினாய். நான் லா சப்பலில் மரக்கறிக் கடையில் நிற்கிறவள், ஞாயிறுதான் எங்களுக்குச் சந்தை நாள், இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் வீட்டுக்கு வருவேன். அப்பாவின் உணவகத்துக்கு ஞாயிறு விடுமுறை. ஆக ஞாயிறு பின்னேரம் ஏழு மணிக்கு வீட்டில் நீயும் அவரும் மட்டும். முதல் பருவம் உன் ஆட்கள் அனேகமாக எல்லாவற்றிலும் தோற்றார்கள். அடுத்த பருவம் புதிதாக எடுத்த பந்தெறிகாரப் பெடியன் முழங்காலை முறித்துக்கொண்டான், அதோடு அதுவும் போயிற்று. எப்போது அப்பா உன் பக்கத்தில் வந்து இருக்கத் துவங்கினார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நான் வந்து கதவைத் திறந்தபோது, ஒன்றரை வருடமாக வாய் திறக்காத மனிசன் கதிரையின் நுனியில் இருந்து கத்திக்கொண்டிருந்தார்.

"டேய் கனகண்ணை, அவனைப் பிடியடா! பிடி, பிடி! ஐயோ, விட்டிட்டான் மடையன்!"

கனகண்ணை யார் என்று நான் திகைத்துப்போனேன். உன் ஆட்களில் இருந்த பெரிய வயிற்றுக்காரனுக்கு அப்பா வைத்த பெயராம். பந்தெறிகாரன் வாத்தியார். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கிற மெலிந்தவன் சின்னராசா. நீயும் பிரெஞ்சுக்கு நடுவே அப்படித்தான் சொல்லுவாய். ஒரு நல்ல பெண் அந்த இடத்தில் என்ன செய்திருப்பாள்? மனிசன் வாய் திறந்தானே என்று கோயிலில் அர்ச்சனை செய்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கழுவாத கோப்பைகளைப் பார்த்தேன். "நான் அங்கை கால் கடுக்க நிண்டு உழைக்க, நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சை விழுந்து கிடந்து விசர்ப்பந்து பாக்கிறியளோ?" என்று கத்தினேன். அப்பா எழும்பிப் போய்க் கோப்பை கழுவினார். வாரம் முழுக்கக் கோப்பை கழுவுகிற மனிசன்.

2011இல் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். உன் புள்ளிகள் விழுந்துவிட்டன, வகுப்பில் கனவு காண்கிறாய் என்று ஆசிரியை சொன்னதை நீயே எனக்குத் தமிழாக்கினாய். பாதியை மறைத்துத்தான் தமிழாக்கியிருப்பாய், கள்ளன். நாங்கள் இரண்டு பேரும் மற்றவர்களுடைய அழுக்கைக் கழுவி உன்னைப் படிப்பிக்கிறோம், பள்ளி முடிக்கிற பாக் சோதனைக்கு இன்னும் இரண்டு வருடம்தான். அந்த ஆவணியில் பிள்ளையார் தேர். ரூ பஜோல் தெருவில் தேர் திரும்புகிற இடத்தில் நின்றேன். சனம் வீதியில் தேங்காயைக் குவியல் குவியலாக அடித்து உடைக்கிறது, தண்ணீர் காலில் தெறிக்கிறது. நான் கும்பிட்டபடி வாய்விட்டு நேர்த்தி வைத்தேன்: "பிள்ளையாரே, அந்தச் செங்கல் சட்டைக்காரர் எழும்பவே கூடாது. தோத்துத் தோத்து என்ரை பிள்ளைக்கு அவங்களிலை வெறுப்பு வரவேணும். அவன் பந்தை விட்டானெண்டால் உனக்கு ஒரு சாக்குத் தேங்காய் உடைக்கிறன்."

இதை நான் அப்பாவுக்கும் சொல்லவில்லை. பிள்ளை படிக்கவேண்டும் என்று தாய்மார் நேர்த்தி வைப்பார்கள். பிள்ளை ஆசைப்பட்டது தோற்கவேண்டும் என்று நேர்த்தி வைத்த தாய் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கேட்டது கிடைத்தது. பிள்ளையார் என் பக்கம் நின்றாரோ, உன் ஆட்களுக்கு ஆடத் தெரியவில்லையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் ஒவ்வொரு தோல்வியையும் நான் என் கணக்கில் எழுதினேன்.

2012 மார்கழியில் நான் காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். கடைசி நொடி. அங்கே பனி கொட்டுகிறது. சின்னராசா உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நீ கதிரையின் பின்னால் முகத்தை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதாய். பதினேழு வயது ஆண்பிள்ளை. "பாவமடா, காத்து அடிச்சுப்போட்டுது, அவன் என்ன செய்வான்" என்று அப்பா உன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் போர்வையை விலக்கி எழும்பி வந்தேன். உன்னிடம் வரவில்லை, அப்பன். சாமியறைக்குள் போய்ப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினேன். நீ அடுத்த அறையில் அழுதுகொண்டிருந்தாய், நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் நீ நல்ல புள்ளிகளோடு சோதனையில் தேறினாய், பந்தையும் பார்த்துக்கொண்டேதான் தேறினாய். அப்போதாவது நான் பிள்ளையாரிடம் போய், சரி அப்பனே, அதை விட்டுவிடு என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கோபம் ஒரு பழக்கமாகிவிட்டது. 2014இல் பயிற்சியாளரை மாற்றினார்கள். அதற்கடுத்த பருவம் வாத்தியார் வேறு பட்டினத்துக்குப் போனார், அப்பா அன்று சோறு குறைவாகச் சாப்பிட்டார். 2016இல் நடுவில் கொஞ்சம் வென்று, ஆசை காட்டி, கடைசியில் விழுந்தார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். அப்போது தெரியாது. பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஏன் என்று வருகிறேன்.

2017இல் செங்கல் சட்டைக்காரர் வெல்லத் துவங்கினார்கள். அந்த இலையுதிர்காலத்தில்தான் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தார். நீ ஞாயிறு தோறும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவாய், நான் கடையை முடித்துக்கொண்டு பின்னால் வருவேன். மூக்கில் குழாயோடு, "பிள்ளை இஞ்சை பார், இந்த முறை எங்கடை ஆக்கள் உள்ளுக்குப் போயிடுவாங்கள்" என்று அப்பா என்னிடம் சொன்னார். உள்ளுக்கு என்றால் ஜனவரியில் நடக்கிற பெரிய ஆட்டங்களுக்கு, நல்ல கூட்டங்கள் மட்டும் போகிற இடத்துக்கு. "ஓம், ஓம், பேசாமல் படுங்கோ" என்றேன். மார்கழித் துவக்கத்தில் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு உன் ஆட்கள் உள்ளே போனார்கள். அந்த முதல் பெரிய ஆட்டமும் அப்பாவின் முப்பத்தோராம் நாளும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன.

அன்று காலையில் நீ ஒரு குறையும் வைக்காமல் அந்தியேட்டிக் கிரியை எல்லாம் செய்தாய். ஐயர் சொன்னதெல்லாம் திருப்பிச் சொன்னாய். மத்தியானம் சனம் சாப்பிட்டது. பின்னேரமும் ஒரு பத்துப் பெண்கள் மண்டபம் மாதிரி நம் முன்னறையை நிறைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். உன்னைக் காணவில்லை என்று உன் அறைக் கதவைத் திறந்தேன். வேட்டிக்கு மேலே செங்கல் சட்டை. மடியில் கணினி. அதில் பந்து. எனக்கு வந்த கோபத்துக்குக் கண் தெரியவில்லை. கையை நீட்டி அதை மூடினேன். என் பின்னால் அந்தப் பெண்கள் எல்லாரும் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பான்ரை சாம்பல் இன்னும் ஆறேல்லை, உனக்குப் பந்தோ? நீயும் ஒரு பிள்ளையோ?"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். நீ திருப்பிக் கத்துவாய் என்று காத்திருந்தேன். நீ பிரெஞ்சில் ஒன்றே ஒன்று சொன்னாய், விடு அம்மா என்று. பிறகு சட்டையைக் கழற்றி, மடித்து, கட்டிலில் வைத்துவிட்டு வெளியே வந்து சனத்துக்குத் தேத்தண்ணி கொடுத்தாய். அந்த ஆட்டத்தில் உன் ஆட்கள் தோற்றார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். நீ அதற்குப் பிறகு ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை.

சனம் போனபிறகு உன் அறையைக் கூட்டப் போனேன். அப்போதுதான் கண்டேன். அப்பாவின் கதிரையை முன்னறையிலிருந்து கொண்டுவந்து உன் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தாய். அதற்கு முன்னால் ஸ்டூலில் இரண்டு கோப்பை. ஒன்றை நீ பாதி குடித்திருந்தாய். மற்றதில் தேத்தண்ணி தளும்ப அப்படியே ஆடை படிந்து கிடந்தது. மணந்து பார்த்தேன், இஞ்சி. இஞ்சி போட்டுக் குடிக்கிறவர் நம் வீட்டில் ஒருவர்தான். நான் அந்தக் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். பக்கத்து அறையில் நீ படுத்திருந்தாய். எழும்பி வந்து உன்னிடம் ஒரு வார்த்தை, பிழை விட்டிட்டன் ராசா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாய் என்ற திமிர் விடவில்லை. நாளைக்குச் சொல்லுவோம் என்று விட்டேன். பிறகு நீ ஆர்ஜொந்தெயில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது என் நிலைமையைப் பார். நான் கேட்ட வரம் முழுக்க நடந்துவிட்டது. நீ பந்தை விட்டுவிட்டாய். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவேண்டும். ஒவ்வொரு தேருக்கும் போனேன். கடையில் நானே அடுக்கி வைக்கிற தேங்காய், கைக்கெட்டுகிற தூரத்தில் சாக்கு. உடைத்தால், என் பிள்ளையின் மனதை உடைத்துத் தந்ததற்கு நன்றி என்று ஆகும். உடைக்காவிட்டால் தெய்வக் குற்றம். இரண்டுக்கும் நடுவே நின்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

2018 செப்டம்பரில் என்னால் அந்த வீட்டின் சத்தமின்மையைத் தாங்க முடியவில்லை. லா சப்பலில் போன் கடைக்காரரிடம் போய் அந்தப் பந்து வருகிற மாதிரிச் செய்து தரச் சொன்னேன். "மகனுக்கோ அக்கா?" என்றார். "இல்லை, எனக்கு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்றிலிருந்து ஞாயிறு ஏழு மணிக்குக் கல்லாவுக்குப் பின்னால் போனைத் தராசில் சாய்த்து வைத்துவிட்டுப் பார்க்கிறேன். "அக்கா வெண்டிக்காய் நிறுக்கிறதை விட்டிட்டு மல்யுத்தம் பாக்கிறா" என்று முதலாளி சனத்துக்குச் சொல்லிச் சிரிப்பார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிழை ஆட்டத்துக்கு நடுவர் மஞ்சள் துணியை எறிந்தபோது வியர்வை துடைக்கிற துணி விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இப்போது அவர் எறிய முன்னமே நான் ஐயோ என்கிறேன்.

நீ பார்க்காமல் விட்ட வருடங்களை நான் சொல்கிறேன், கேள். 2018இல் நடுப்பருவத்தில் பயிற்சியாளரைத் துரத்தினார்கள், எல்லாருக்கும் கீழே கிடந்தார்கள். அதனால் அடுத்த சித்திரையில் புதுப் பெடியன்களைப் பிரிக்கிறபோது முதல் ஆளை எடுக்கிற உரிமை உன் ஆட்களுக்குக் கிடைத்தது. அதிகமாகத் தோற்றவனுக்கு முதல் பங்கு கொடுக்கிற சட்டத்தை அன்றுதான் அறிந்தேன். எவ்வளவு நல்ல சட்டம்! அப்படியொன்று உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? 2019இல் வந்த நெடுவலான பந்தெறிகாரனுக்கு நான் தம்பி வாத்தியார் என்று பெயர் வைத்தேன். பயந்த பிள்ளை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டே யோசிப்பான். 2020இல் அரங்கில் சனம் இல்லை, இருக்கைகளில் மட்டையில் வெட்டிய முகங்களை வைத்திருந்தார்கள். நான் முகமூடியோடு கடையில் நின்று அவற்றைப் பார்த்தேன். 2021 கடைசியில் சின்னராசா விடைபெற்றான். தலைக்கவசத்தைக் கழற்றியபோது தலை நரைத்திருந்தது. அன்று அழுதேன், அப்பன். பனியில் அவன் விட்டதற்குக் கற்பூரம் கொளுத்தியவள் நானல்லவா. 2022இல் வரிசையாக வென்றார்கள், தம்பி வாத்தியாருக்குத் தோள் விலகியதும் வரிசையாகத் தோற்றார்கள். போன பருவம் கடைசி ஆட்டத்தில் வென்றிருந்தால் உள்ளே. வெல்லவில்லை. உனக்குப் போன் எடுத்துச் சொல்லவேண்டும் என்று கை பரபரத்தது. போனை எடுத்து, மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

போன மாதம் கிளேர் கடைக்கு வந்தாள். நல்ல பிள்ளை, என் கையிலிருந்த பையை வாங்கித் தானே வெண்டிக்காய் பொறுக்கினாள். பாண்டிச்சேரித் தமிழில் மெதுவாகத் துவங்கினாள்.

"அத்த, ஒன்னு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? எங்க வீட்ல தம்பிங்க அந்த அமெரிக்கப் பந்து போட்டாங்கன்னா இவரு எழுந்து பால்கன்ல போயி நிக்கறாரு. குளிருல. ஏன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். இப்பதான் சொன்னாரு."

"என்ன பிள்ளை சொன்னவன்?" என்றேன். நீ என்னைப் பற்றித்தான் சொல்லியிருப்பாய் என்று தராசைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களப் பத்தி ஒன்னும் சொல்லல அத்த. மாமாவப் பத்திச் சொன்னாரு. அந்த வருசம் வீட்ல டிவி பூரா சாவுதானாமே. அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம மாமா வந்து கேட்டாராம், எப்பப் பாத்தாலும் தோக்கறானுங்களே, இதப் போயி எதுக்குடா பாக்கறேன்னு. இவரு சொன்னாராம், இங்க தோத்தா ஒருத்தரும் சாகறதில்லப்பா, செப்தாம்பர்ல திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுடுவாங்கன்னு. மாமா அப்படியே பக்கத்துல உக்காந்துட்டாராம்."

நான் அந்த வெண்டிக்காயை எத்தனை தரம் நிறுத்தேனோ தெரியாது. கிளேர்தான் பையைக் கையிலிருந்து வாங்கினாள். அப்பன், பதினாலு வயதில் உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே. செத்தவர்களின் நடுவே நின்று நீ ஒரு மூச்சுவிடுகிற இடம் தேடினாய், அப்பாவையும் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போனாய். நான் வீதியில் நின்று அந்த இடம் இடிந்துபோகவேண்டும் என்று கும்பிட்டேன். உனக்கு ஏன் ஞாயிறு பிடிக்கும் என்று ஒரு தரம் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால், நீ எனக்கும் சொல்லியிருப்பாய்.

அடுத்த நாள் கோயிலுக்குப் போய் ஐயரைப் பிடித்தேன். "ஐயா, பழைய நேர்த்தி ஒண்டு கிடக்கு. நிறைவேறிட்டுது, ஆனால் நிறைவேறினது சந்தோசமில்லை" என்றேன். என்ன நேர்த்தி என்றார். அமெரிக்காவில் ஒரு பந்துக்காரர் தோற்கவேண்டும் என்று வைத்தது என்றேன். அவர் மணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அம்மா, பிள்ளையாருக்கு அங்கையும் வேலை குடுத்திட்டியளோ?" நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் நிறுத்தினார். "வைச்சதைக் குடுத்திடுங்கோ. பெடியன்ரை கலியாணம் வருது, கடனை வைச்சிருக்கக் கூடாது. குடுக்கேக்கை வேறை ஒண்டும் கேக்கக்கூடாதெண்டு ஆர் சொன்னது?"

போன ஞாயிறு தேர். முதலாளி ஒரு சாக்குத் தேங்காயைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கித் தந்தார். எனக்குத் தோள் வலி, உனக்குத் தெரியும். ஒருவரையும் தொட விடவில்லை, ஒவ்வொன்றாக நானே உடைத்தேன். சீலை நனைந்து, மூச்சு வாங்கி, கடைசித் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது என்ன கேட்பது என்று யோசித்தேன். செங்கல் சட்டைக்காரர் வெல்லவேண்டும் என்று கேட்கத்தான் போனேன். வாயில் வரவில்லை. நீ அவர்களை வெற்றிக்காகப் பார்க்கவில்லையே. "என்ரை பிள்ளைக்கு அவன்ரை செப்டம்பரைத் திருப்பிக் குடு" என்று கேட்டு உடைத்தேன்.

கலியாணப் புத்தி என்று எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கிளேர் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால், உனக்கு அது பைத்தியமாகத் தெரிந்தாலும், மூடிவிடாதே. பக்கத்தில் போய் இரு. அவள் இரண்டாவது கோப்பையை யாருக்கு ஊற்றி வைத்திருக்கிறாள் என்று பார். பிழை விட்டால் அன்றைக்கே சொல். நாளைக்கு என்று விட்டால் வருடங்கள் போய்விடும். நான் உன்னைச் சனத்துக்கு முன்னால் அவமானப்படுத்தினேன், அப்பாவோடு நீ இருந்த கடைசி நேரத்தைப் பறித்தேன். பிழை விட்டிட்டன், ராசா. அம்மாவை மன்னி.

வருகிற ஞாயிறு முதல் ஆட்டம், ஏழு மணிக்கு. இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் காரணம் சொல்லாமல் ஞாயிறுக்கு லீவு கேட்டேன், முதலாளி எனக்கு ஏதும் நோய் வருத்தமோ என்று பயந்துபோனார். சட்டையைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். உனக்கு இப்போது வயிற்றுப் பக்கம் இறுக்கும், கிளேர் போடட்டும். அப்பாவின் கதிரை முன்னறையில் நிற்கிறது, இஞ்சித் தேத்தண்ணி நான் போடுவேன். வராவிட்டாலும் கோபிக்க மாட்டேன், தனியே பார்த்துவிட்டு உனக்குப் போன் எடுப்பேன், நீ வைக்கக் கூடாது. வந்தால் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதே. தம்பி வாத்தியாரின் தோள் இன்னும் சரியில்லை, புது உதைகாரன் சின்னராசாவுக்குக் கிட்டவும் வரமாட்டான். இந்த வருடமும் நாங்கள் தோற்கத்தான் போகிறோம், அப்பன்.

அம்மா